சுரங்கத்தின் மறுமுனை

இலக்கியம் பேசும் இந்தத் திண்ணைக்கு ரூட்டரையும் ஆன்டெனாவையும் தூக்கிக்கொண்டு வந்ததற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். 2024 நவம்பரில் நாங்கள் மூவரும் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போய், உள்ளங்கை அகலமே உள்ள ஒரு பெட்டியின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு வந்தோம். அரை நிமிட வேலை. அதைச் செய்ய எங்களுக்குப் பதினொரு நாட்கள் ஆயின. அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நாங்கள் மூவரும் கோவையில் ஒரே கல்லூரியில், ஒரே விடுதியில் படித்தவர்கள். இப்போது ஒருவர் கோவையிலும் ஒருவர் சென்னையிலும் ஒருவர் பெங்களூரிலும் இருக்கிறோம். எழுதும் கை ஒன்று, நினைவு மூவருடையது. ஆகவே இக்கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும். யார் எதைச் செய்தோம், யார் எதைச் செய்யாமல் விட்டோம் என்று பிரித்துச் சொல்ல முடியாத காரியம் இது.

ஐயா தந்தித் துறையில் பணியாற்றியவர். 1990களின் பிற்பகுதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் விடுதிக்கு வந்து, எட்டுப் பேருக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் வாங்கவில்லை, காபி மட்டும் குடிப்பார். "புள்ளியையும் கோட்டையும் எண்ணாதீங்க கண்ணு, பாட்டா கேளுங்க" என்பார். அந்த எட்டுப் பேரில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்கள் நாங்கள் மூவர். அவருக்கோ வியூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி 1979 முதல் இருந்தது. ஹாம்கள் ஒருவரையொருவர் அழைப்புக்குறியால்தான் அறிவார்கள், பெயர் அப்புறம்தான். ஆனால் எங்களுக்கு அவர் எப்போதும் ஐயாதான்.

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் ஓய்வு பெற்றுத் தம் ஊரில் தென்னந்தோப்பு வீட்டில் குடியேறியிருந்தார். இரவுகளில் மோர்ஸில் ஜப்பானோடும் ரஷ்யாவோடும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய செவி மங்கத் தொடங்கியது. முதலில் பேச்சு போயிற்று; கருவி வைத்தும் பயனில்லை. மோர்ஸின் ஒற்றைச் சுரம் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2020இன் இறுதியில் அதுவும் போயிற்று. வாழ்நாள் முழுவதும் காதால் வாழ்ந்த மனிதருக்கு எழுபத்தாறு வயதில் அது நேர்ந்தது.

2021 பொங்கலுக்கு நாங்கள் போயிருந்தபோது, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "கேட்க முடியாது. படிக்க முடியும். பொதி வானொலி போட்டுத் தருவீர்களா?"

*

பொதி வானொலி என்பது, சொற்களைத் துண்டு துண்டாகப் பொதிந்து, ஒவ்வொரு பொதிமேலும் அனுப்புநர் பெறுநர் அழைப்புக்குறிகளை எழுதி, மோடத்தின் ஒலியாக மாற்றி அலைவரிசையில் ஏற்றிவிடுவது. மறுமுனையில் அது திரையில் எழுத்தாக விரியும். கனடா 1978இலேயே இதற்கு அனுமதி தந்தது. மாண்ட்ரியால் ஹாம்கள்தான் முன்னோடிகள். 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஹாங்க் மாக்னஸ்கி என்ற ஹாம், பொதிகளைக் கேட்டுத் திரும்ப ஒலிக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். ஐயாவும் தொண்ணூறுகளில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இதில் ஈடுபட்டவர். இங்கே பதில் சொல்ல ஆள் குறைவாக இருந்ததால் அது பரணுக்குப் போய்விட்டது.

அவருடைய மகள் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார். "அப்பாகிட்ட போன் இருக்குதுங்க. வாட்ஸப்பும் இருக்குது. அதுல எழுதுனாப் போதாதுங்களா?"

போதும்தான். செய்தி போய்ச்சேர அது போதும். நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, கேள்வியை உதட்டசைவில் படித்துவிட்ட ஐயா தாளில் எழுதினார்: "அது நான் குடியிருக்கும் வாடகை வீடு. இது என் வீடு." அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஐயாவின் வீட்டிலிருந்து கோவையில் இருப்பவரின் மொட்டைமாடிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். 145 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தொலைவைத் தாண்டலாம். கோவையிலிருந்து சென்னையையும் பெங்களூரையும் அந்த அலைவரிசையில் எட்ட முடியாது. மலையும் பூமியின் வளைவும் குறுக்கே நிற்கும். அங்கே இணையத்தைத்தான் பாலமாக வைக்க வேண்டும். ஐயாவின் நிலையத்துக்கு அவருக்கே உரிய முகவரி ஒன்றும் வேண்டும்.

நிற்க. இங்கே 44 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இணையத்தில் உள்ள இயந்திரங்களுக்குப் புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்களாலான முகவரிகள் உண்டு. இணையம் என்பது சில பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்த 1981இல், மேலே சொன்ன மாக்னஸ்கி, முகவரிப் பதிவேட்டைப் பராமரித்துவந்த ஜான் போஸ்டலிடம் ஹாம்களுக்காக ஒரு பகுதியைக் கேட்டார். 44 என்று தொடங்கும் முகவரிகள் அத்தனையும் கிடைத்தன. மொத்தம் 1,67,77,216. பொட்டல் காட்டை அளந்து கொடுத்தது போலத்தான் அன்று அது. பின்னாளில் அதன் நடுவே நகரம் வளர்ந்துவிட்டது. உலகில் முகவரிப் பஞ்சம் வந்தது. 2019இல் அதில் கால் பங்கை, 41,94,304 முகவரிகளை, அவற்றை நிர்வகிக்கும் அமெரிக்க அறக்கட்டளை அமேசானுக்கு விற்றது. விலை பத்துக் கோடி டாலருக்கும் மேல். பொதுச் சொத்தை யாரைக் கேட்டு விற்றீர்கள் என்று ஹாம்கள் பலர் கொதித்தார்கள். அந்தப் பணத்திலிருந்து இன்று உலகெங்கும் வானொலிக் கல்விக்கும் ஆய்வுக்கும் நல்கை போகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். பல பத்தாண்டுகள் அந்த முகவரிகளைச் சம்பளமின்றிக் காத்துவந்த பிரையன் கேன்டர் அதே ஆண்டு நவம்பரில் காலமானார். இணையச் செய்திக்குழுக்களுக்கான நெறிமுறையை 1986இல் பில் லாப்ஸ்லியுடன் சேர்ந்து வகுத்தவரும் அவரே.

எஞ்சிய ஒரு கோடியே இருபத்தைந்து லட்சத்தில் எட்டே எட்டு முகவரிகளைக் கேட்டு நாங்கள் விண்ணப்பித்தோம். உரிமத்தின் நகலைச் சரிபார்த்த பிறகு கொடுத்தார்கள். கட்டணம் கிடையாது. முதல் முகவரியை ஐயாவின் அழைப்புக்குறிக்குப் பதிவுசெய்தோம்.

*

முகவரி கிடைத்தால் ஆயிற்றா? அஞ்சல்காரருக்கு வீடு தெரிய வேண்டும் அல்லவா?

44 என்று தொடங்கும் பெரும்பாலான முகவரிகளைப் பொறுத்தவரை, உலகத்து ரூட்டர்களுக்குத் தெரிந்த ஒரே வீடு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இருந்த நுழைவாயில்தான். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு இருப்பதை அவை அறியா. ஆகவே ஹாம்கள் ஓர் உபாயம் செய்தார்கள். நம் ஊரில் கடித உறையின்மேல் 'மே/பா' என்று இன்னொருவர் பெயரைப் போடுவோம் இல்லையா, அதே முறை. 44 முகவரி எழுதிய உறையை அப்படியே இன்னோர் உறைக்குள் இட்டு, வெளி உறைமேல் நிஜ இணைய முகவரி ஒன்றை எழுதிவிடுவது. வழியில் எவரும் உள்ளே பார்க்க வேண்டியதில்லை. போய்ச்சேர்ந்த இடத்தில் வெளி உறையைக் கிழித்தால் உள்ளே அசல் உறை. இதைத்தான் சுரங்கம் என்கிறார்கள். உறைக்குள் உறை என்பதால் இருபது பைட்டுகள் கூடுதல். ஆயிரத்து ஐந்நூறு பைட்டு கொள்ளும் பாதையில் இனி ஆயிரத்து நானூற்று எண்பதுதான் போகும்.

எந்த முகவரிக்கு யார் மே/பா என்ற பட்டியலை ஐந்து நிமிடத்துக்கொருமுறை சான் டியாகோ நுழைவாயில் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வழித்தடங்களை எழுதிக்கொள்ளும் நிரலை முதன்முதலாக ஓட்டிவிட்டுக் காத்திருந்தோம். திரையில் ஒன்றுமில்லை. நான்காவது நிமிடம் சில நூறு வரிகள் மளமளவென்று விழுந்தன. ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் எங்களைப்போல் ஒரு கிறுக்கர் இருக்கிறார் என்ற நினைப்பில் சற்று நேரம் மௌனமாக இருந்தோம்.

அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. நாங்கள் மூவரும் வைத்திருந்த வீட்டு இணைப்புகளில் இந்தச் சுரங்கம் திறக்கவே இல்லை. ரூட்டரின் வெளிமுகவரியைப் பார்த்தபோது அது 100.64 என்று தொடங்கியது. அதாவது, நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியை வைத்துக்கொண்டு, சேவை தருபவர் உள்ளே பிரித்துக் கொடுக்கிறார். பிரிப்பதற்கு அவருடைய கருவி பார்ப்பது கதவு எண்ணை. டிசிபி, யுடிபி வகைப் பொதிகளுக்குக் கதவு எண் உண்டு. எங்கள் உறைக்குள் உறைக்கு அது கிடையாது. நெறிமுறை எண் 4 என்ற அடையாளம் மட்டுமே. யாருக்கு என்று தெரியாத உறையை வாயிற்காப்போன் குப்பையில் போட்டுவிடுகிறான். அவன்மேல் பிழையில்லை.

பிறகு, பொதுமுகவரி கொண்ட சிறு சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, சுரங்கத்தின் வாயை அங்கே வைத்தோம். மூன்று வீடுகளிலிருந்தும் அதற்கு வயர்கார்டு என்ற இன்னொரு வகைச் சுரங்கம். இது யுடிபியில் ஏறிப் போவது. உள்ளிருந்து வெளியே கூப்பிடுவது. 25 விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் வாயிற்காப்போன் கதவைச் சாத்துவதில்லை.

அதன்பின் நான்கு இரவுகள் போயின. வெளியிலிருந்து பிங் வருவது தெரிந்தது, பதில் போய்ச்சேரவில்லை. எங்கள் சர்வர், சான் டியாகோ வழியாக வந்த கேள்விக்குத் தன் சொந்த வாசல் வழியாகப் பதிலை அனுப்பிக்கொண்டிருந்தது. வாடகைக் கட்டடத்து வாசலிலிருந்து 44 என்ற விலாசம் எழுதிய கடிதம் புறப்பட்டால், போலி என்று கருதித் தடுத்துவிடுவார்கள். அப்படித் தடுப்பதே இணையத்தின் நல்லொழுக்கம். வந்த வழியே பதிலும் போக வேண்டும். 'அனுப்புநர் 44 என்றால் வழித்தடப் பட்டியல் வேறு' என்று ஒரே ஒரு விதியை எழுதியதும் எல்லாம் சரியாயிற்று. ஒரு வரி, நான்கு இரவு. இந்தக் கணக்கு கவிதை எழுதும் நண்பர்களுக்குப் புதிதாக இருக்காது.

அந்த மாதங்களில் நாள் தவறாமல் ஐயாவுக்கு எழுதிக்கொண்டிருந்தோம்; ஆம், வாட்ஸப்பில்தான். என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, அடுத்து எதைப் பார்க்கப் போகிறோம் என்று. அவரும் விடாமல் கேட்பார். தந்திக் காலத்தில் கம்பி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் முறைகளைச் சொல்லுவார். நடுவில் நின்று இரு பக்கமும் சோதி. பாதி கம்பியை உடனே கழித்துவிடலாம் என்பார். நாங்கள் பதில் பொதியைத் தேடிப் பிடித்ததும் அந்த முறையில்தான்.

*

2021 ஆகஸ்டில், ஆடிக் காற்றின் வால் வீசிக்கொண்டிருந்தபோது, தோப்பு வீட்டில் இரும்புக் குழாயை நட்டு யாகி ஆன்டெனாவை ஏற்றினோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை அறிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு முறை ஆன்டெனா திரும்பிக்கொண்டு வால்பாறையைப் பார்த்தது. மேசைமேல் ஒரு ராஸ்பெர்ரி பை, வானொலி, பழைய திரை. மோடம் தனிப் பெட்டி அல்ல. அதுவும் ஒரு நிரல்தான்.

வேகம் விநாடிக்கு 1200 பிட்டுகள். 1500 பைட்டு கொண்ட ஒரு முழுப் பொதி காற்றில் கடந்துபோகப் பத்து விநாடி ஆகும். ஆகவே பொதியை 256 பைட்டுகளாகச் சுருக்கினோம். அப்படியும் முதல் நாள் ஒரு வினோதம் நடந்தது. ஐயா ஒரு வரி அனுப்பினால் அதே வரி நான்கு முறை காற்றில் போயிற்று. பதில் ஒரு விநாடிக்குள் வந்துவிடும் என்று எண்ணிப் பழகிய டிசிபி, வராததைக் கண்டு பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. வழியை அதுவே அடைத்தது.

இந்தச் சிக்கல் பழையது. எண்பதுகளில், வீட்டுக் கணினிகளில் டிசிபியை ஓட்டுவதற்கென்றே ஹாம்களுக்காக ஒரு நிரலை எழுதியவர் ஃபில் கார்ன். மறுஅனுப்பல் நடந்த பொதிக்கு வந்த பதிலை வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிடாதே, அது எந்தப் பொதிக்கு வந்த பதில் என்று உனக்குத் தெரியாது என்பது அவருடைய விதி. 1987இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். இன்று உலகத்து டிசிபியில் அது அடிப்படைப் பாடம். பொறுமையைப் பற்றிய அந்த அறிவு, மெதுவான பாதைகளோடு மல்லுக்கட்டியவர்களிடமிருந்து வந்தது என்பதில் எங்களுக்குச் சிறு பெருமை உண்டு. நாங்கள் செய்ததெல்லாம், ஐயாவின் வழித்தடத்துக்கு மட்டும் குறைந்தபட்சக் காத்திருப்பை நீட்டியதுதான்.

அன்றிரவு இரண்டு மணிக்கு ஐயாவிடமிருந்து செய்தி வந்தது. "செவ்விளக்கு அணையாமல் எரிகிறது. உலகமே என்னைக் கூப்பிடுகிறதா?"

ஏறக்குறைய அப்படித்தான். இணையத்தில் ஓயாமல் கதவு தட்டித் திரியும் இயந்திரங்கள் எண்ணற்றவை. 44இல் பயன்படாமல் கிடந்த முகவரிகளுக்கு வந்து மோதும் அந்த இரைச்சலைக் கொண்டுதான் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2001 ஜூலையில் 'கோட் ரெட்' என்ற புழு பதினான்கு மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளைப் பிடித்ததைக் கணக்கிட்டார்கள். அந்த இரைச்சலின் ஒரு கிளை எங்கள் சுரங்கம் வழியாக இறங்கி, ஐயாவின் வானொலியில் ஏறிக்கொண்டிருந்தது. வேடிக்கை அல்ல; குற்றம். உரிமம் இல்லாதவர் பொதி அமெச்சூர் அலைவரிசையில் ஏறக்கூடாது. உடனே வடிகட்டி போட்டோம்: எங்கள் எட்டு முகவரிகள் தவிர வேறெதுவும் காற்றில் ஏறாது. இன்னொரு விதியும் உண்டு. இணையத்தில் போகும்போது நாங்கள் பூட்டிட்டு அனுப்பலாம். காற்றில் ஏறும்போது பூட்டு கூடாது. ஹாம் பேசுவது எவர் வேண்டுமானாலும் கேட்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலை பெங்களூர்த் திரையிலும் சென்னைத் திரையிலும் ஒரே நேரத்தில் ஐயாவின் முதல் வரி வந்தது. "வணக்கம் பிள்ளைகளா. எழுத்து தெளிவு."

தொண்ணூறுகளில் அவருடைய பெட்டிக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார். இப்போது யூனிகோடு. ஆனால் அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். 'வணக்கம்' என்பதற்கு ஏழு குறியீடுகள், இருபத்தொரு பைட்டுகள். தலைப்பகுதி போக ஒரு பொதியில் எட்டு ஒன்பது தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். ஆங்கில எழுத்தில் அடித்தால் விரைவாகப் போகுமே என்றோம். "முப்பது வருடம் சொல்லை எண்ணிக் காசு வாங்கியவன் நான். எட்டுச் சொல் எனக்குப் போதும்" என்றார். அப்படியே எழுதினார். "மழை. கிணறு பாதி. மாடு கன்று போட்டது. நலம்." எங்களுக்கு வந்தவற்றுள் அவற்றினும் சிறந்த கடிதங்கள் இல்லை.

*

இங்கே நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல கதை.

சுரங்கம் வெட்டிய ஏழு மாதமும் ஐயாவோடு நாள்தோறும் பேசினோம். வெட்டி முடித்தபின் வாரத்துக்கு இருமுறை ஆயிற்று, பிறகு ஒருமுறை, பிறகு தீபாவளி, பொங்கல். யாரும் அதைத் தீர்மானிக்கவில்லை. வேலை, பிள்ளைகளின் தேர்வு, பயணம். மேலும், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கொருமுறை ஐயாவின் நிலையம் தன் அழைப்புக்குறியைத் தானே ஒலிபரப்பும். கோவையில் அது கேட்கப்படும். சுரங்கம் வழியாக மற்ற இருவருக்கும் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, ஐயா நலம் என்று நினைத்துக்கொள்வோம். உடைந்தால் மட்டும் கவனிப்பது என்பது கருவிகளோடு பழகியவர்களின் வழக்கம். எங்களுக்கே தெரியாமல் அதை ஒரு மனிதருக்கும் செய்துவிட்டோம்.

2024 நவம்பரில் ஒரு விடியலில் உறக்கத்திலேயே ஐயா போய்விட்டார். மகள் தொலைபேசியில் சொன்னார். ஹாம்கள் இறந்தவரை 'சைலண்ட் கீ' என்பார்கள். அவர் கைபட்ட தந்திச் சாவி இனி மௌனம் என்று பொருள். ஈமச் சடங்குக்குப் போய்விட்டுத் திரும்பிய இரவு, திரையைத் திறந்தால் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கொருமுறை அவருடைய அழைப்புக்குறி. அந்த அறையின் மின்சாரத்தை யாரும் அணைக்கவில்லை.

அணைத்தாக வேண்டும். உரிமம் என்பது ஆளுக்குக் கொடுத்தது, ஆளோடு முடிந்துவிடுவது. ஆள் இல்லாத அழைப்புக்குறி காற்றில் போவது விதிமீறல். கோவையிலிருந்தபடியே ஒரு கட்டளையில் நிறுத்தியிருக்கலாம். மூவரிடமும் கடவுச்சொல் இருந்தது. ஒருவர் சொன்னார், பதினாறாம் நாள் வரை இருக்கட்டும். ஒருவர் சொன்னார், ஐயா விதி மீறாதவர், இன்றே நிறுத்த வேண்டும். ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் நாள் நேரில் போனோம்.

மேசையில் அவருடைய பதிவேடு இருந்தது. எந்த ஹாமும் வைத்திருப்பது: நாள், நேரம், அலைவரிசை, யாரோடு பேசினோம் என்ற குறிப்பு. 2021இன் பக்கங்கள் நிறைந்திருந்தன. எங்கள் அழைப்புக்குறிகள், வரிக்கு வரி. அடுத்த ஆண்டுகளைப் புரட்டினோம். நாள்தோறும் மாலை ஆறரை மணிக்கு அவர் எங்களை அழைத்திருக்கிறார். அழைத்த நேரம் இருக்கிறது. குறிப்பில் அதே கோணல் இல்லாத கையெழுத்து:

"பிங் உண்டு. ஆள் இல்லை."

மறுநாள், "பிங் உண்டு. ஆள் இல்லை." அதற்கு மறுநாளும். இடையில் எங்காவது, "பேசினேன், 12 நிமிடம்" என்று சிவப்பு மையில். மீண்டும் நீல மையில் அதே நான்கு சொற்கள், பக்கம் பக்கமாக. புகார் தொனி எங்கும் இல்லை. தந்தி ஊழியரின் பதிவு அது. நடந்ததை நடந்தபடி எழுதுவது.

எங்கள் இயந்திரங்கள் ஒருநாளும் பதில் சொல்லத் தவறவில்லை. அதற்காகத்தானே அத்தனை இரவுகள் விழித்தோம். அவர் அனுப்பிய ஒவ்வொரு பிங்கும் 45 கிலோமீட்டர் காற்றில் கடந்து, இரண்டு சுரங்கங்களில் இறங்கி ஏறி, எங்கள் வீட்டு மேசைவரை வந்து, திரும்பிப் போயிருக்கிறது. நாங்கள் பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

அவர் ஏன் வாட்ஸப்பில் ஒரு வரி எழுதவில்லை என்று எங்களில் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹாம் அழைப்பது பொது அழைப்பு. கேட்பவர் இருந்தால் பதில் வரும். இல்லையென்றால் நாளை மீண்டும் அழைக்க வேண்டும். கையைப் பிடித்து இழுப்பது அந்த வழக்கத்தில் இல்லை.

மின்னிணைப்பைப் பிடுங்கினோம். செவ்விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. மகள் காபி கொண்டுவந்து வைத்தார். "அப்பா சாயங்காலம் ஆனா இங்க வந்து உக்காந்துக்குவாருங்க. நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் இருக்கறீங்கன்னு சொல்லுவாரு" என்றார். நாங்கள் காபியைக் குடித்தோம்.

சுரங்கம் இப்போதும் ஓடுகிறது. ஐயாவின் முகவரியை வேறெவருக்கும் கொடுக்கவில்லை. எட்டில் ஒன்று காலியாகவே இருக்கிறது. மாலை ஆறரை மணிக்கு மூவரும் திரைமுன் வந்து அமர்கிறோம். முதல் சில வாரம் எல்லா நாளும் வந்தோம். இப்போது வாரத்தில் நான்கு நாள் என்று சொல்லலாம். பதிவேட்டின் அடுத்த பக்கத்திலிருந்து நாங்கள் எழுதிவருகிறோம். யார் வரவில்லை என்பதையும் எழுதுகிறோம், அவர் எழுதியது போலவே.